நன்கொடையாக வந்த கொம்பியூட்டருக்குள் உளவு சிப் இருக்குமா? எப்படிப் பார்ப்பது? (திருகோணமலை)

உப்புவெளி_வாணி எழுதியது:

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். நான் உப்புவெளிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர். கொம்பியூட்டர் படித்தவள் இல்லை. தட்டச்சு தெரியும், எக்செல்லில் கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

அண்மையில் எங்கள் சங்கத்துக்கு ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் ஆறு பழைய மேசைக் கொம்பியூட்டர்களும் ஒரு ரவுட்டரும் வந்தன. காசு வெளிநாட்டுக் காசு, கையளித்தது இங்கத்தைய அலுவலகம் ஒன்று. மாலை, படம், பற்றிஸ், தேநீர் என்று எல்லாம் வடிவாக நடந்தது. ஒரு நிபந்தனையும் இருந்தது. அங்கத்தவர் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் பதிந்து ஏற்ற வேண்டும். அதுவரை நாங்கள் சி.ஆர். கொப்பியில்தான் எழுதி வைத்திருந்தோம்.

அப்புறம் கதை கிளம்பியது. கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் அங்கத்தவரின் மகன், "இப்படிச் சும்மா தருகிற பெட்டிக்குள்ளே அரசாங்கம் சிப் வைத்துத்தான் தரும், நிற்பாட்டி வைத்தாலும் கேட்கும்" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார். இப்போது அந்த அறைக்குள் யாரும் வருவதில்லை. யாரோ ஒருவர் திரைகளுக்கு மேல் பழைய சீலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். பொருளாளர் அம்மா கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார்.

வெளியூர் ஆட்களுக்கு இது பகிடியாகத் தெரியலாம். எங்கள் அங்கத்தவர்களில் சிலர் பிள்ளையை, புருஷனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். சண்டைக் காலத்தில் குடும்பமாக நிற்க வைத்துப் படம் பிடித்துப் பதிந்தார்கள். பிறகு 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, அதற்குப் பிறகு இன்னோர் ஆணைக்குழு, பிறகு காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். எல்லா இடத்திலும் ஒரே விவரத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை வரவில்லை. எங்கள் கூட்டம் நடக்கும்போது சிவில் உடுப்பில் மோட்டார் சைக்கிளில் வந்து, யார் வந்தது, யார் காசு தந்தது, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கிற துணிவு இல்லை என்பதுதான் உண்மை.

கையளித்த அலுவலகத்துத் தம்பியிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அக்கா, உங்களை யார் பார்க்கப் போறாங்கள்?" என்றார். அதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்படி வைக்க முடியுமா? உலகத்தில் எங்காவது வைத்திருக்கிறார்களா? ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தால் எனக்குத் தெரியுமா? இவர்களுக்கு நான் என்ன சொல்வது? இல்லை என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ண என்னால் முடியாது. இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. நக்கல் பண்ணுவதற்கு முன் ஒரு தடவை திரும்ப வாசித்துவிட்டுப் பண்ணுங்கோ.

---

நிலாவெளி_கடற்காற்று:

படம் அதிகம் பார்த்தால் இப்படித்தான். உங்கள் சங்கத்துத் தையல் மெஷின் கடனை வேவு பார்க்க அமெரிக்காவிலிருந்து சிப் வருமா? எல்லாரும் ஃபேஸ்புக்கில் வீட்டு விசேஷப் படம் போடுகிறீர்கள், போனில் லொக்கேஷன் ஓன் பண்ணித்தான் திரிகிறீர்கள். சும்மா கிடைத்த பெட்டியைப் பாவியுங்கோ. வேண்டாமென்றால் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குத் தாங்கோ.

---

பழைய_மதர்போர்ட்:

கடற்காற்று, கேட்டவிதம் தெரிந்தும் இப்படிப் பதில் போடலாமா? சரி, விடுவோம்.

வாணி அக்கா, நான் திருகோணமலை ரவுனில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். மீன்வாடி முதலாளியின் பெட்டியும் வரும், கெம்பஸ் பிள்ளைகளின் லப்டொப்பும் வரும், சீருடைக்காரர் வீட்டுச் சாமானும் வரும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் பச்சை பூத்த போர்டுகள், உள்ளே முட்டையிட்ட பல்லி, எறும்புப் புற்று எல்லாம் கண்டிருக்கிறேன். உளவு சிப் கண்டதில்லை. அதை வைத்து இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒழுங்காகச் செய்த சாமான் என்றால் என்னுடைய கண்ணுக்குத் தெரியாது.

முதலில், முடியுமா என்றால் முடியும். செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டேர் ஸ்பீகல் இதழ் 2013 டிசம்பரில் அமெரிக்காவின் என்.எஸ்.ஏ உளவு அமைப்புக்குள் ஓடிய ஒரு பட்டியலை வெளியே போட்டது. உடுப்புக் கடைக் கட்டலொக் மாதிரி, சாமானின் படம், வேலை, விலை எல்லாம் இருக்கும். அதில் 'கொட்டன்மவுத்' என்று ஒரு சாமான். வெளியில் பார்த்தால் சாதாரண யூ.எஸ்.பி முனை, உள்ளே ரேடியோ. 50 துண்டு பத்து இலட்சம் டொலருக்கு மேல். மொனிட்டர் கேபிளுக்குள் வைக்கிற இன்னொன்று, துண்டு 30 டொலர்தான். விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதை வாசிக்க வேண்டுமானால் பக்கத்தில் எங்காவது ரேடார் கருவியை வைத்து அந்தக் கேபிளின் மேல் அலையை அடித்துக்கொண்டு ஆள் இருக்க வேண்டும்.

அடுத்த வருஷம், 2014இல், இன்னொரு படம் வெளியே வந்தது. என்.எஸ்.ஏ ஆட்கள் ரவுட்டர் செய்கிற சிஸ்கோ கம்பனியின் பெட்டி ஒன்றை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய ரவுட்டர்களை வழியில் மறித்து, உள்ளே தங்கள் வேலையைச் செய்து, திரும்ப சீல் ஒட்டி அனுப்பியது பற்றிய 2010ஆம் ஆண்டு உள் ஆவணத்தோடு வந்த படம் அது. சிஸ்கோ தலைவர் ஒபாமாவுக்கே கடிதம் எழுதினார். பிறகு அந்தக் கம்பனி, பயம் உள்ள வாடிக்கையாளர்களுக்குச் சாமானைச் சம்பந்தமில்லாத காலி விலாசங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. உலகத்தின் பெரிய ரவுட்டர் கம்பனியே தன்னுடைய பெட்டியை ஒளித்து அனுப்புகிற நிலை! ஆகவே கட்டார்த் தம்பி சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மற்றப் பக்கமும் பாருங்கோ. 2018 ஒக்டோபரில் புளூம்பேர்க் ஒரு பெரிய செய்தி போட்டது. சுப்பர்மைக்ரோ கம்பனியின் சேர்வர் போர்டுகளில் அரிசி மணி அளவு சீனச் சிப் வைத்திருக்கிறார்கள், அப்பிளிலும் அமேசானிலும் கண்டுபிடித்தார்கள் என்று. அப்பிள், அமேசான், சுப்பர்மைக்ரோ மூன்றும் அடித்து மறுத்தன. இன்றுவரை அந்தச் சிப்பைக் கையில் பிடித்து இதுதான் என்று யாரும் பொது இடத்தில் காட்டவில்லை. அந்தக் கம்பனியின் பங்கு விலை மட்டும் அன்றைக்கே பாதிக்குக் கிட்ட விழுந்தது. அதாவது சிப் இல்லாமலே வேலை நடந்துவிட்டது. உங்கள் சங்க அறையிலும் இப்போது அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். மேலே சொன்ன வேலைகள் எல்லாம் ஆள் பார்த்து, இடம் பார்த்துச் செய்தவை. தூதரகம், தொலைபேசிக் கம்பனி, அமைச்சு. ஒவ்வொரு பெட்டியையும் ஆள் உட்கார்ந்து பிரித்துப் பூட்ட வேண்டும், பிறகு வருகிற தகவலை ஆள் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். உங்களிடம் மோட்டார் சைக்கிளில் வந்து நேரே கேட்டாலே பெயர்ப் பட்டியல் கிடைக்கிறபோது அந்தச் செலவு எதற்கு? அது போகட்டும், மாதர் சங்கம் என்றால் பிரதேச செயலகத்தில் பதிந்திருப்பீர்கள். நிர்வாகக் குழு, அங்கத்தவர் விவரம் ஏற்கெனவே அங்கே கோப்பில் கிடக்கும்.

நான் உண்மையாகப் பயப்படுகிற இடங்கள் வேறு.

கம்பனிகளில் கழித்துவிட்ட பழைய பெட்டிகள்தான் இப்படித் திட்டங்களில் வருவது. முன்பக்கம் 'இன்டெல் வீப்ரோ' ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கோ. 2008க்குப் பிந்திய இன்டெல் பெட்டிகளில் பிரதான மூளையை விட இன்னொரு சின்ன மூளை இருக்கிறது. மெனேஜ்மென்ட் எஞ்சின் என்பார்கள். பெட்டியை நிற்பாட்டினாலும், சுவரில் கரண்ட் இருந்தால் அது விழித்திருக்கும். கம்பனிக்காரர் தூரத்திலிருந்து பெட்டியைத் திருத்த வைத்த வசதி அது. "நிற்பாட்டி வைத்தாலும்" என்ற கதை இங்கிருந்துதான் வந்திருக்கும் போல. 2017 மே மாதம் இதில் ஒரு ஓட்டை பிடிபட்டது. பாஸ்வேர்ட் இடத்தை வெறுமையாக விட்டே உள்ளே போகலாம். அதே ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அந்தச் சின்ன மூளையை முடக்குகிற ஒரு ஒளிந்த சுவிட்சையும் கண்டுபிடித்தார்கள். யாருக்காக வைத்தது தெரியுமா? என்.எஸ்.ஏயின் ஒரு திட்டத்துக்காக. தங்களுடைய பெட்டிகளில் அது ஓடக்கூடாது என்று அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு அந்தச் சுவிட்சைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

அதனால் வீப்ரோ பெட்டி என்றால், போட்டவுடன் கன்ட்ரோலையும் (Ctrl) P எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கோ. ஒரு மெனு வரும். முன்னைய கம்பனி மாற்றாமல் விட்டிருந்தால் பாஸ்வேர்ட் 'அட்மின்' என்றே இருக்கும். உள்ளே தூரத்து மேற்பார்வையை அழித்து நிற்பாட்டுங்கோ. புதிய பாஸ்வேர்ட் போடுங்கோ. பிறகு பயோஸ் என்கிற, பெட்டியின் அடிப்படை அமைப்பு மெனுவுக்குள் போய் 'கம்பியூட்ரேஸ்' அல்லது 'அப்சலூட்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கோ. களவு போன லப்டொப்பைத் தேட வைத்த சாமான் அது. டிஸ்க்கை அழித்தாலும் விண்டோஸ் போட்டவுடன் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய கம்பனியின் பெயரில் இன்னும் உயிரோடு இருந்தால் என்னிடம் சொல்லுங்கோ.

கண்ணால் பார்க்கக்கூடியது கீபோர்ட். அதன் வயர் பெட்டியில் குத்துகிற இடத்தில், நடுவில் சின்னவிரல் அளவு முனை ஏதாவது பூட்டியிருக்கிறதா பாருங்கோ. அமுக்குகிற எழுத்தெல்லாம் பதிகிற சாமான். இதற்கு என்.எஸ்.ஏ தேவையில்லை, இணையக் கடையில் யாரும் வாங்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் அவர்கள் தந்த கீபோர்டை ஒதுக்கிவிட்டு, ரவுனில் மலிவான புதியது நீங்களே போய் வாங்குங்கோ.

ஆறும் ஒரே மொடல் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கரண்டைக் கழற்றி, ஆறின் பக்க மூடியையும் எடுத்து வரிசையாக வையுங்கோ. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை, ஒன்றில் மட்டும் வயர் கூட ஓடுகிறது என்றால் போனில் படம் எடுத்து இங்கே போடுங்கோ. நிபுணர் தேவையில்லை, கண்தான் தேவை. தையல்காரிகளின் கண் எனக்கு இருப்பதைவிடக் கூர்மை. வைஃபை கார்ட் இருந்தால் கழற்றி வையுங்கோ.

அதில் வந்த விண்டோஸை நம்ப வேண்டாம். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஏதாவது தூரத்திலிருந்து நுழையும் புரோக்கிராம் திட்டக்காரர் உதவி செய்ய என்றே போட்டு வைத்திருக்கலாம், கெட்ட எண்ணம் இல்லாமலே. டிஸ்க்கை மாற்றி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கோ, அதற்குக் காசில்லை. அங்கத்தவர் விவரம் எதுவோ அதை ஒரே ஒரு பெட்டியில், வயரும் வைஃபையும் இல்லாமல் வையுங்கோ. இணையமே காணாத பெட்டிக்குள் சிப் இருந்தாலும், அது யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது? ரேடியோ வைத்தால் சொல்லலாம்தான், ஆனால் அதற்கு உப்புவெளியில் பக்கத்து வளவில் ஒருவன் குந்தியிருக்க வேண்டும். அவனை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கடைசியாக, நிரப்பின படிவங்களை யாராவது போனில் படம் பிடித்து வட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்களா? போட்டோக்கொப்பிக் கடையில் விட்டுவிட்டு வருகிறார்களா? அதை முதலில் நிறுத்துங்கோ.

---

ஓய்வுபெற்ற_தந்திக்காரன்:

பிள்ளை வாணி, எனக்குக் கொம்பியூட்டர் அவ்வளவு தெரியாது. தபால் தந்தித் திணைக்களத்தில் இருந்தவன். மதர்போர்ட் தம்பி நன்றாகச் சொல்லியிருக்கிறார். நான் பழைய கதைகள் சில சொல்கிறேன், கூட்டத்தில் சொல்ல உதவும்.

கொப்பிக்கே திரும்பிப் போவோம் என்று உங்கள் பொருளாளர் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய சாமான் என்றால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மொஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் தட்டச்சு மெஷின்களுக்குள் சோவியத் ஆட்கள் கருவி வைத்திருந்தார்கள். ஐ.பி.எம் செலக்ட்ரிக் மெஷின், கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலகத்துப் பழைய ஆட்களுக்கு அந்தப் பெயர் தெரியும். உள்ளே குறுக்கே ஓடும் உலோகச் சட்டம் ஒன்றைக் குடைந்து, அதற்குள் வைத்து மூடி, திடச் சட்டம் போலவே ஆக்கியிருந்தார்கள். எழுத்துத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காந்தத்தால் உணர்ந்து ரேடியோவில் அனுப்பும். 1984இல் தூதரகத்துச் சாமான் 11 தொன்னை அப்படியே அமெரிக்காவுக்கு ஏற்றி, எக்ஸ்ரே பிடித்துத்தான் கண்டார்கள். மொஸ்கோத் தூதரகத்திலும் லெனின்கிராட் துணைத் தூதரகத்திலுமாக 16 மெஷின்கள். பல ஆண்டுகளாக அதற்குப் பக்கத்தில் இருந்து தட்டினவர்கள் ஒருவரும் அறியவில்லை. உங்கள் ஆறு பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது, ஆனால் பார்த்ததாலேயே எல்லாம் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்து வைக்க முடியாது.

இன்னொன்று. கிரிப்டோ ஏஜி என்று சுவிட்சர்லாந்தில் ஒரு கம்பனி, இரகசியச் செய்தி அனுப்பும் மெஷின் செய்து 120க்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. நடுநிலை நாட்டுக் கம்பனி என்று நம்பித்தான் அரசாங்கங்கள் காசு கொடுத்து வாங்கின. 1970இலேயே அமெரிக்க சி.ஐ.ஏயும் ஜெர்மன் உளவுத்துறையும் இரகசியமாக அந்தக் கம்பனியை வாங்கிவிட்டன. ஜெர்மனி தொண்ணூறுகளில் விலகியது, சி.ஐ.ஏ 2018 வரை வைத்திருந்தது. உலகத்துக்குத் தெரிந்தது 2020 பெப்ரவரியில். வாங்கியவர்கள் தங்களைத் தாங்களே வேவு பார்க்கக் காசு கட்டியிருக்கிறார்கள்.

அதில் எனக்கு மறக்காத ஆள் ஹான்ஸ் பூலர். அந்தக் கம்பனியின் விற்பனையாளர். 1992இல் ஈரான் அவரை உளவாளி என்று பிடித்துப் பல மாதம் சிறையில் வைத்து விசாரித்தது. அந்த மனிதனுக்கு ஒன்றுமே தெரியாது. கம்பனி பத்து இலட்சம் டொலர் கட்டி வெளியே எடுத்தது, பிறகு வேலையை விட்டு நீக்கி, கட்டின காசைத் திருப்பிக் கேட்டது. ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்குப் பெட்டி கையளித்த தம்பி சிரித்தது களங்கமில்லாத சிரிப்பாகவே இருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அவர் நல்ல பிள்ளை என்பதை வைத்துப் பெட்டியை நம்பவும் வேண்டாம், பெட்டியில் சந்தேகம் என்று அவரோடு கோபிக்கவும் வேண்டாம்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. எண்பதுகளில் ஜெர்மன் வானொலி டொய்ச்ச வெல்லவின் ஒலிபரப்பை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம் திருகோணமலையில் இருந்தது இளசுகளுக்குத் தெரியாது. வானத்தை மறிக்கிற அளவு அன்டெனாக்கள். பாட்டும் செய்தியும்தான் போகிறதா, வேறு ஏதாவதும் போகிறதா என்று ரவுனில் தேநீர்க் கடைக்குக் கடை பேச்சு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது என்னத்தை அனுப்புகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பேச்சு எங்களோடு நிற்கவில்லை. 1987 ஜூலை இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் எங்கள் ஜனாதிபதி ஜே.ஆரும் மாற்றிக்கொண்ட கடிதங்களை எடுத்துப் படியுங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது, எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாக நடத்த வேண்டும் என்பதோடு, வெளிநாட்டு வானொலிகளோடு செய்த உடன்படிக்கைகளை மறுபடி பார்த்து, அந்த நிலையங்கள் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படும், இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படாது என்று உறுதி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. தேநீர்க் கடைச் சந்தேகம் இரண்டு அரசாங்கங்களின் கடிதத்தில் ஏறியது. யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று ஊருக்கு வந்து ஒருவரும் சொன்னதில்லை. நிலையம் பிற்பாடு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. சந்தேகம் அப்படியே தேய்ந்து போனது, தீரவில்லை.

உங்கள் சங்கத்தில் அப்படித் தேய விடாதீர்கள். பெட்டியைத் திறக்கிற நாளில் பயப்படுகிற பெண்களையே பக்கத்தில் இருத்துங்கள்.

---

சட்டம்_படிக்கிறேன்:

வாணி அக்கா, நான் சட்டம் படிக்கிற மாணவி, மூதூர்ப் பிள்ளை. பெட்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கடதாசிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கையளித்தது அரச அலுவலகம் என்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வெளிநாட்டு அரசாங்கத்தின் அல்லது சர்வதேச அமைப்பின் காசில் பெருமளவு ஓடி மக்களுக்குச் சேவை செய்கிற தொண்டு நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். பலருக்கு இது தெரியாது.

"சிப் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இல்லை என்று ஒரு வரி வரும், அல்லது தேசிய பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டுவார்கள். பெட்டிகள் எங்கே வாங்கியவை, யார் பழுது பார்த்துத் தந்தது, எந்த மென்பொருள் போட்டது, நாங்கள் ஏற்றுகிற விவரம் எந்தச் சேர்வருக்குப் போகிறது, யார் யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு திணைக்களம் கேட்டால் கொடுப்பார்களா? இப்படிக் கேளுங்கள். இவற்றுக்கு ஆவணம் இருக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

எங்கள் அரசியலமைப்பில் தனிமை உரிமை என்று தனியாக எழுதியது கிடையாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது, முழுதாக நடைமுறைக்கு வருவது இழுபட்டுக்கொண்டே போனது. அதனால் சட்டம் காப்பாற்றும் என்று சும்மா இருக்க வேண்டாம். தையல் கடனுக்கு அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று திட்டக்காரரிடமே கேளுங்கள். அங்கத்துவ இலக்கம் போதும், பெயரும் அட்டை இலக்கமும் சங்கக் கொப்பியில் இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். பல தடவை அந்தக் கட்டம் பழைய படிவத்திலிருந்து அப்படியே ஒட்டி வந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இந்திய உதவியோடு வரப்போகிற டிஜிட்டல் அடையாள அட்டை வேறு விஷயம். உங்கள் பெட்டிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கத்தவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தால் பிரித்துச் சொல்லுங்கள். அதைப் பற்றிய கேள்விகள் தனியாகக் கேட்க வேண்டியவை.

---

உப்புவெளி_வாணி:

எல்லாருக்கும் நன்றி. கடற்காற்றுத் தம்பிக்கும்தான், உங்கள் கழகத்துக்கு ஒன்று மிஞ்சினால் பார்ப்போம்.

பதில்களைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். ஈரானில் பிடிபட்ட விற்பனையாளர் கதை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "அந்தப் பெடியன் பாவம், அவனுக்கென்ன தெரியும்" என்று பொருளாளர் அம்மாவே இப்போது அலுவலகத்துத் தம்பிக்காகக் கதைக்கிறார். ஜெர்மன் வானொலி அன்டெனாவை மூத்தவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி ஆளுக்கொரு கதை வந்து கூட்டம் வழிமாறிப் போய், கடைசியில் நான் மணியடிக்க வேண்டியதாயிற்று.

முடிவு இதுதான். மூடியைக் கழற்றும்போது விரும்பினவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். இருவர் பெயர் தந்திருக்கிறார்கள், ஒருவர் திரையில் சீலை போட்டவரே. பெயரும் அட்டை இலக்கமும் கொப்பியில்தான், அலுமாரிச் சாவி பொருளாளரிடம். கொம்பியூட்டரில் அங்கத்துவ இலக்கமும் கடன் கணக்கும் மட்டும். ரவுட்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டோம். தகவல் உரிமைக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், திட்டக்காரர் இலக்கத்தை மட்டும் ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியவில்லை. ஏற்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம்.

மகனைத் தேடுகிற ஓர் அம்மா மட்டும் எந்தப் பெட்டியிலும் தன்னுடைய இலக்கம் கூட ஏறக்கூடாது என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. அவருடைய கணக்கு முழுக்கக் கொப்பியில் இருக்கும்.

மதர்போர்ட் அண்ணா, மொனிட்டர் இரண்டில் மேலே கமரா கட்டியே வந்திருக்கிறது. பிளாஸ்டர் ஒட்டினால் போதுமா? புதிய டிஸ்க் ஆறுக்கும் வாங்க எங்களிடம் காசில்லை, என்ன செய்வது?

---

பழைய_மதர்போர்ட்:

கமராவுக்குக் கறுப்பு டேப் போதும். ஆனால் அதோடு மைக்கும் இருக்கும், டேப் ஒட்டினால் மைக் கேட்காமல் விடாது. அந்த மொனிட்டரிலிருந்து பெட்டிக்கு இரண்டு வயர் போகும். ஒன்று படத்துக்கு, மற்றது யூ.எஸ்.பி. யூ.எஸ்.பி வயரைக் கழற்றினால் கமராவும் மைக்கும் சேர்த்துச் செத்துவிடும், படம் வழமைபோல வரும்.

ஆறுக்கும் வாங்க வேண்டாம். கணக்குப் பதிகிற ஒன்றுக்கு மட்டும் 120 ஜிபி எஸ்.எஸ்.டி டிஸ்க் புதிதாக எடுங்கோ, பாவித்தது வேண்டாம். மற்ற ஐந்தில் உள்ள டிஸ்க்கையே முழுதாக அழித்து லினக்ஸ் போடலாம், பிள்ளைகள் தட்டச்சுப் பழக அது தாராளம். அழிக்கிற வேலைக்கு ஒரு பெட்டிக்குச் சில மணித்தியாலம் எடுக்கும், அதனால் காலையில் தொடங்க வேண்டும்.

கடைக்கு ஏற்றி இறக்கி உடைக்க வேண்டாம். ஞாயிறு கடை பூட்டு, நான் அங்கே வருகிறேன். கூலி வேண்டாம், மத்தியானம் சோறு தந்தால் சரி. பக்கத்தில் இருக்கப்போகிறவர்களை மூக்குக்கண்ணாடி இருந்தால் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கோ. ஸ்குரூவை நான் கழற்ற மாட்டேன், அவர்கள்தான் கழற்ற வேண்டும்.